வைட்டமின் ஏ ஊற்றும் கையோடு பல்லையும் பாருங்கள்

"பால்பல்தானே, விழுந்து முளைக்கப்போவுது." கடலூர் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இதைக் கேட்காமல் வர முடியாது. பெரும்பாலும் பாட்டிதான் சொல்வார், அம்மா தலையாட்டுவார். பாதி சரிதான், முன்பல் 6, 7 வயதில் விழுந்துவிடும். ஆனால் பால் கடைவாய்ப்பல் 10 வயது, சிலருக்கு 12 வயது வரைக்கும் வாயில் இருக்க வேண்டியது. 3 வயதில் அதில் ஓட்டை விழுந்தால் பாக்கி இருக்கும் ஏழெட்டு வருஷம் பிள்ளை எதை வைத்து மெல்லும்? அதற்குள் அதைப் பிடுங்கிவிட்டால் 6 வயதில் முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் வர வேண்டிய பல் கோணல்மாணலாக வரும், அப்புறம் பதினான்கு வயதில் கம்பி கட்ட எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பார்கள்.

நான் பல் மருத்துவம் படித்தவள். கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் என்னிடம் வரும் குழந்தைக்கு அநேகமாக 5 வயது ஆகியிருக்கும், கன்னம் வீங்கியிருக்கும், ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்காது. அந்த நிலைமையில் நான் செய்வதற்கு இரண்டு மூன்று வேலைதான் உண்டு, மூன்றுமே பிள்ளை கத்தும் வேலை. பால்பல்லின் எனாமல், அதாவது மேல் ஓடு, மெல்லிசு, சொத்தை நரம்பைத் தொட ரொம்ப நாள் ஆகாது. அதனால் பல் டாக்டரிடம் வருவதற்கு முன்னாலேயே யாராவது பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்க ஆள் இல்லாமலா இருக்கிறது?

தடுப்பூசி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 9வது மாதம் மீசல்ஸ் ருபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ முதல் தவணை, அடுத்தது 16 மாதத்துக்கு மேல், அதிலிருந்து 5 வயது வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 9 தவணை. ஒவ்வொரு தவணையும் வாயில் ஊற்றுகிற மருந்து. அதாவது முதல் பல் எட்டிப்பார்க்கும் வயசிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் 9 தடவை, சுகாதார செவிலியர் முன்னால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கிறது. மருந்து உள்ளே போனதும் வாய் மூடிவிடுகிறது, நாமும் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுகிறோம். கையிலேயே இருக்கும் வசதி இது, சும்மா கிடக்கிறது.

பார்ப்பதற்கு விளக்கு, கண்ணாடி, நாற்காலி எதுவும் வேண்டாம். அம்மாவும் நர்ஸும் எதிரெதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். குழந்தையின் முகம் அம்மாவைப் பார்த்தபடி, கால் இரண்டும் அவர் இடுப்பைச் சுற்றி, தலையை மட்டும் நர்ஸ் மடியில் சாய்க்க வேண்டும். அழும், அழுதால் நல்லது, வாய் தானாகத் திறக்கும். கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினால் மேல் முன்பல் நாலும் தெரியும். ஈறை ஒட்டி சுண்ணாம்புக் கோடு போட்டது மாதிரி மங்கலான வெள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் ஆரம்பம். அது ஓட்டையாகாமல் திருப்பிவிடலாம். பழுப்பாகி, தொட்டால் மிருதுவாக இருந்தால் பல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். கீழ் முன்பல் பெரும்பாலும் தப்பித்திருக்கும், நாக்கும் எச்சிலும் அதைக் காப்பாற்றும், ஆகவே கீழே மட்டும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிடக் கூடாது.

ஒரு புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் இதைச் செய்து காட்டியபோது அங்கிருந்த செவிலியர் அக்கா சிரித்தார். "மேடம், ஏற்கெனவே எத்தனை ரிஜிஸ்டர்னு உங்களுக்குத் தெரியுமா, இதுக்கு ஒரு தனிக் கட்டம் போடச் சொல்லுவாங்க, அதுக்கு ஒரு ரிப்போர்ட் கேப்பாங்க." அவர் சொன்னது நியாயம். கட்டம் எதுவும் வேண்டாம்க்கா, சந்தேகம் வந்தால் போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க என்றேன். அப்புறம் அவரே முந்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார்: இரும்புச்சத்து சிரப் கொடுத்தால் பல் கறுத்துப்போகிறது என்று பல அம்மாக்கள் நிறுத்திவிடுகிறார்களாம். அந்தக் கறுப்பு மேலே படியும் கறைதான், சொத்தை இல்லை, சுத்தம் செய்தால் போய்விடும். நாக்கின் பின்பக்கமாக விட்டு, உடனே கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் அவ்வளவு படியாது. இதை அந்த இடத்தில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்கு ரத்தசோகை மருந்தே நின்றுபோகும்.

அங்கன்வாடியிலும் இதே கதைதான். எடை போடுகிறார்கள், எழுதுகிறார்கள், எடை ஏறவில்லை என்றால் சத்துமாவு பற்றிப் பேசுகிறார்கள். சோற்றை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "சோம்பேறி, சாப்பிடாது" என்பார்கள். பல் வலிக்கிற பிள்ளை அப்படித்தான் சாப்பிடும். ஆர்.பி.எஸ்.கே. என்று 2013ல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் பல் பிரச்சினையும் பரிசோதனைப் பட்டியலில் இருக்கிறது, குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு தாய் சேய் நல அட்டைக்குள் மடித்தபடியே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வலி இல்லாத பல்லுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறச் சொன்னால் யார் ஏறுவார்கள், சொல்லுங்கள். பேனர் கட்டி பிரஷ் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போகும் பல் முகாம்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் நீளும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல் பல் வந்த அன்றிலிருந்தே தேய்க்க வேண்டும். 3 வயது வரை அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் 6 வயது வரை பட்டாணி அளவு, தேய்ப்பது பெரியவர் கை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு தண்ணீரால் பல் கெட்ட கதையைக் கேட்டுவிட்டு பேஸ்ட்டில் ஃபுளோரைடே வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. அங்கே நடந்தது வருஷக்கணக்காகக் குடித்த தண்ணீரால், இது அரிசி அளவு பேஸ்ட். டியூப்பின் பின்னால் ஃபுளோரைடு அளவு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். குழந்தைப் படம் போட்டு விற்கும் பல பேஸ்ட்டில் அந்த அளவு இருக்காது.

பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள். சளிக்குக் கொடுக்கும் சிரப் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான், ராத்திரி கொடுத்தால் பல்லைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். சாயங்காலம் டீயில் நனைத்த பிஸ்கட், அதையும் நாலு மணிக்கு ஒன்று ஐந்து மணிக்கு ஒன்று என்று கொடுப்பதுதான் பல்லுக்கு வினை. மொத்தமாக எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. அம்மாவுக்குச் சொத்தை இருந்தால் அந்தக் கிருமி ஸ்பூன் வழியாகவே பிள்ளைக்கு வரும், அதனால் கர்ப்பமாக இருக்கும்போதே, நாலாவது மாதத்துக்கு மேல், அம்மா பல்லைக் காட்டிவிடுவது நல்லது.

ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் டிரில் தேவைப்படாது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்று ஒரு சொட்டு மருந்து, பல்லைக் குடையாமல், ஊசி போடாமல், பஞ்சில் தொட்டுத் தடவுவது. 2021ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இதைச் சேர்த்துவிட்டது. பெரும்பாலும் சொத்தை அங்கேயே நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். முன்பல்லில் என்றால் பெண் பிள்ளை வீட்டில் முகம் சுளிப்பார்கள், முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் நான் தொடுவேன்.

சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைக் கல்வி நிறுவனம், இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே போகும் முன் உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில், பிள்ளை இட்லி சாப்பிட்ட பிறகு கூட்டிப்போங்கள், மத்தியானத் தூக்க நேரத்தில் வேண்டாம். "ஊசி போடமாட்டாங்க" என்று சத்தியம் செய்து அழைத்து வராதீர்கள், அதைப் பார்த்து முடிவு பண்ண வேண்டியது நாங்கள்.