காஞ்சிரங்குடாவும் கொல்கிஸும்

அப்பாவின் நாட்டுமருந்துக் கடையில் எட்டிக்கொட்டை மேல்தட்டிலும் தேற்றாங்கொட்டை கீழ்த்தட்டிலும் இருந்தன. இரண்டும் தவறியும் கலந்துவிடக்கூடாது என்பது அவருடைய பயம். உண்மையில் கலக்க வழியே இல்லை. எட்டிக்கொட்டை கோட்டுப் பொத்தான் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், பட்டுமயிர் போர்த்து மினுங்கும். தேற்றாங்கொட்டை சிறிய உருண்டை. இருந்தாலும் எட்டியை எடுத்துக் கொடுத்த கையை அப்பா முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் காசு வாங்குவார்.

போன ஆடி அமாவாசைக்குக் கிழக்கிலங்கையில் உள்ள திருக்கோவில் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மருமகன் பக்கத்தில் இருந்தான். “மாமா, எட்டியும் தேற்றாவும் ஒரே பேரினம், தெரியுமா? இரண்டும் ஸ்ட்ரிக்னோஸ்” என்றான். தெரியும். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாத கதையும் எனக்குத் தெரியும் என்பதால் உற்சாகமாகிவிட்டேன். முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஸ்ட்ரிக்னோஸ் கிரேக்கச் சொல். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரில் பல செடிகளைச் சொல்கிறார்: ஒன்று உண்ணத்தக்கது, ஒன்று தூங்க வைப்பது, ஒன்று பித்துப் பிடிக்க வைப்பது. உண்ணத்தக்கது நம் வேலியோரத்து மணத்தக்காளி என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். 1753இல் சுவீடனின் லின்னேயஸ் அந்தப் பெயரைக் கழற்றி எட்டி மரத்தில் மாட்டிவிட்டார். 1818இல் பெல்த்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இந்தப் பேரினத்து விதையிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு ஸ்ட்ரிக்னீன் ஆயிற்று. அம்மம்மா சுண்டிய கீரையின் பெயர் நஞ்சுப் போத்தலில் போய் ஒட்டிக்கொண்டது. லின்னேயஸ் பெரிய மனிதர்தான். ஆனால் அடுத்தவன் கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றித் தன் கடைக்கு மாட்டுகிறவர்களை எங்கள் தெருவில் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

இதற்குள் பஸ் தேற்றாத்தீவைத் தொட்டுவிட்டது. மாரியில் கிணறு கலங்கினால் அம்மம்மா ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து, ஈரமாக்கிய மண்பானையின் உட்புறத்தில் வட்டமாக உரைப்பார். பால் போல ஒரு கோடு விழும். அதன் மேல் தண்ணீரை வார்த்து மூடிவிடுவார். நான் மூடியைத் திறந்து பார்க்கப் போனால், “ஆட்டாதே மனே, தேறட்டும்” என்பார். விடிந்து பார்த்தால் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். நீரைத் தேற்றுவதால் தேற்றா. மரத்தின் பெயரில் அதன் வேலையே இருக்கிறது.

கிரேக்கர்கள் சில நஞ்சுகளுக்கு ஊரைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள். எங்கள் கடையில் நாவி என்று விற்பதன் இனத்தவர்க்கு அக்கோனிட்டோன் என்று பெயர். கருங்கடற்கரை ஹெராக்ளியாவை அடுத்த அக்கோனாய் என்ற ஊரால் வந்தது என்கிறார் தியோஃபிராஸ்டஸ். சாணைக்கல்லைக் குறிக்கும் சொல்லோடு அதைச் சேர்த்தவர்களும் உண்டு. பாதாளத்து நாயை ஹெராக்ளிஸ் இழுத்து வந்தபோது அதன் எச்சில் விழுந்த இடத்தில் முளைத்தது என்ற கதையை எந்தப் பாட்டியிடம் சொன்னாலும் நம்புவார்.

கொல்கிகோன் இன்னும் அழகு. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜோர்ஜியாவில் இருந்த கொல்கிஸ் நாட்டின் பெயர் அது. கிரேக்கப் புராணத்தில் நஞ்சு வடிக்கத் தெரிந்த மெடியா என்ற பெண் பிறந்த நாடு. அந்தச் செடியின் நஞ்சு கொல்ச்சிசின். அதே கொல்ச்சிசின்தான் நம் கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் இருக்கிறது. கவர்விட்டு வளைந்த அந்தக் கிழங்கைக் கலப்பை என்று நம் ஆட்கள் கண்டார்கள்; கலப்பைக்கிழங்கு என்றார்கள். வயலில் நிற்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

பன்றியவரை என்ற பொருளில் ஒரு நச்சுச்செடியும் கிரேக்கர்களிடம் உண்டு, ஹியோஸ்கியாமோஸ். நாம் நரிவெங்காயம், பேய்ப்புடல் என்பது போல. அவர்களுடைய ஃபார்மகோன் என்ற சொல் மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். மருமகன் இதை நம்பவில்லை. “உன் அப்பா வயலுக்கு என்ன அடிக்கிறார்?” என்று கேட்டேன். “மருந்து” என்றான்.

அவர்கள் ஊரைச் செடிக்கு வைத்தார்கள் என்றால், நாங்கள் செடியை ஊருக்கு வைத்தோம். எட்டிக்கு இன்னொரு பெயர் காஞ்சிரை. திருக்கோவிலுக்கு அப்பால் காஞ்சிரங்குடா இருக்கிறது. “எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன” என்று பழமொழி சொல்லிக்கொண்டே அந்த மரத்தின் பெயருள்ள ஊரில் கூசாமல் குடியிருக்கிறோம்.

தீர்த்தமாடிவிட்டு மருமகன் பிடிவாதத்தால் அங்கும் போனோம். மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம், “ஐயா, இங்கே காஞ்சிரை மரம் எங்கே நிற்கிறது?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி எந்த ஊர்?”

“தேற்றாத்தீவுப் பக்கம்.”

“அங்கே தேற்றா நிற்கிறதா?”

மருமகன் சிரித்த சிரிப்பு அக்கரைப்பற்று வரும் வரை அடங்கவில்லை.