கோட்டைவாசலுக்கு இரண்டு பக்கமும்: ஒரு கோடை, 18 படங்கள்

மார்ச் முதல் வாரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து போன் வந்தது. மே 14 முதல் ஐந்து நாள் கூடம் காலியாக இருக்கிறது, தனிக் கண்காட்சி வைக்கிறீர்களா என்று கேட்டார்கள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். ஜூன் தொடக்கத்தில் கொல்லத்தில் ஒரு குழுக் கண்காட்சிக்கு நான்கு படம், ஜூலையில் சாரல் சமயத்தில் தென்காசியில் நண்பர்கள் சேர்ந்து வைப்பதற்கு ஆறு படம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். கையில் முடிந்து இருந்தவை ஐந்து படங்கள்தான். நான் செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஏப்ரல் கடைசி வரை பள்ளிக்கூடம் உண்டு.

என்ன வரையப் போகிறேன் என்பதில் குழப்பம் இல்லை. செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறினால் கோட்டைவாசல், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே உள்ள மலைவழி. அந்தப் பக்கம் இறங்கினால் ஆரியங்காவு. சில கிலோமீட்டருக்குள் பூமியின் நிறமே மாறிவிடும். மார்ச், ஏப்ரலில் கிழக்கே குளம் வற்றி, கரம்பை மண் வெடித்து, பனையும் உடைமரமும் வெயிலில் நிற்கும். மேற்கே ரப்பர் மரமெல்லாம் புதுத் துளிர் விட்டிருக்கும். நடுவில் தேக்கு மட்டும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. தாத்தா காலத்தில் பெரிய காரியம் எதுவானாலும் மலை தாண்டித்தான் போக வேண்டும். அதனால் இரண்டு பக்கத்தையும் ஒரே ஊராகத்தான் எனக்கு வரையத் தெரியும்.

முதலில் நாட்காட்டியை எடுத்து, திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். மே 14 திறப்பு. 13 படம் மாட்ட. 12 வண்டி. பிரேம் போட பத்து நாள். அப்படியானால் மே 1 அன்று கடைசிப் படம் காய்ந்து கையில் இருக்க வேண்டும். புதிதாக 18 படம்: முழு ஷீட் நான்கு, அரை ஷீட் எட்டு, கால் ஷீட் ஆறு. எல்லாம் நீர்வண்ணம், கனமான 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். இப்படி எண்ணியிராவிட்டால் மே 10 வரை வரைந்துகொண்டே இருந்திருப்பேன்.

சனி, ஞாயிறு விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது வரைக்கும் வேலை நடக்கும். அதற்கு மேல் வெயிலில் தாளில் தூரிகை வைத்த இடம் வைத்தபடியே காய்ந்துவிடும், அடுத்த வண்ணத்தோடு கலக்காது. கால் ஷீட்டில் மட்டும் வரைந்தேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் 23 ஸ்கெட்ச் சேர்ந்தது. இந்தப் பகுதி மளமளவென்று போயிற்று.

ஸ்டுடியோவில்தான் சிக்கல் ஆரம்பித்தது. கழுதுருட்டியில் நெடுஞ்சாலை ஓரமாகவே நிற்கிறதே பதின்மூன்று கண் பாலம், அதை முழு ஷீட்டில், கண்காட்சியின் நடுப் படமாக வரைய நினைத்தேன். 1904-இல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. 2010-இல் அகலப் பாதை வேலைக்காக நிறுத்தினார்கள், 2018-இல் மறுபடி முழுதாகத் திறந்தார்கள். அதே கல் வளைவுகள்தான் இன்றும் ரயிலைத் தாங்குகின்றன. காலை ஆறே முக்கால் மணிக்கு நான் வரைந்த கால் ஷீட் ஸ்கெட்ச்சில் அந்தக் கல் மூச்சு விட்டது. அதையே பெரிதாக்கினேன், செத்துப் போயிற்று. இரண்டாவது ஷீட்டும் அப்படியே. மூன்றாவதும். ஒரு ஷீட் என்ன விலை என்று வரைகிறவர்களுக்குத் தெரியும்.

மூன்றையும் ஸ்கெட்ச்சையும் சுவரில் சேர்த்து ஒட்டி வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று தவறு தெரிந்தது. தாள் நான்கு மடங்கு ஆகியும் தூரிகை பழைய பத்தாம் நம்பர்தான். அதனால் ஒரே வீச்சில் போக வேண்டிய வானம் முப்பது சின்ன வீச்சாகிவிட்டது. இரண்டாவது, வண்ணத்தைத் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்ததால் பாதி வாஷில் (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவதில்) தீர்ந்து, திரும்பக் கலந்தபோது சாயல் மாறிவிட்டது. மூன்றாவதுதான் பெரியது. ஸ்கெட்ச் பக்கத்தில் இருந்தும் நான் செல்போன் படத்தைப் பார்த்து வளைவுகளின் உள்நிழலை வரைந்திருந்தேன். போட்டோவில் நிழல் வெறும் கறுப்பு. நேரில் அது கறுப்பே இல்லை. கீழே உள்ள பச்சையிலிருந்தும் ஈரத்திலிருந்தும் வெளிச்சம் மேலே எழும்பி, வளைவின் அடிவயிற்றில் ஒரு மங்கிய பொன்பச்சை ஒட்டியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழுதுருட்டி போனேன். இந்த முறை வரையவில்லை, எழுதினேன். நோட்டில் பாலத்தைக் கோடாகப் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒன்று முதல் ஐந்து வரை எண்: ஒன்று வெறும் தாள், ஐந்து மிக அடர்த்தி. உள்நிழலுக்கு ஐந்து வரும் என்று நினைத்திருந்தேன். மூன்றரைதான் வந்தது. பின்னால் உள்ள மரக்கூட்டம்தான் ஐந்து. பக்கத்தில் நிறக் குறிப்பும் எழுதினேன்: கல்லுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும், அடிவயிற்றுக்கு அதில் ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பு ஒரு சொட்டு, மரத்துக்கு விரிடியன் பச்சையில் பர்ன்ட் சியன்னா. ட்யூபிலிருந்து நேராக எடுத்த பச்சை ஆரியங்காவுப் பச்சைக்கு ஒருநாளும் ஒத்துவராது. அதில் சிவப்பின் சாயல் கலந்தே இருக்கிறது.

இன்னொரு எதிரி சூடு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைதான் என் ஸ்டுடியோ. ஏப்ரல் பகலில் முழு ஷீட்டின் மேல்முனையில் தொடங்கிய வாஷ் கீழே வருவதற்குள் மேலே காய்ந்து கோடு விழும். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஃபேனை நிறுத்திவிட்டு வரைய ஆரம்பித்தேன். தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்துப் பெரிய கண்ணாடிப் பலகை மேல் படிய வைத்தால் அது ஒட்டிக்கொண்டு அரை மணிக்கு மேல் ஈரம் காக்கும். வானமும் தூரத்து மலையும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். இரண்டங்குலப் பட்டைத் தூரிகை, மூன்று கிண்ணம் நிறையக் கலந்த வண்ணம். நான்காவது ஷீட்டில் பாலம் எழுந்து நின்றது. அன்று காலை கீழே இறங்கி வந்து அம்மாவிடம் காபி கேட்டபோது கை நடுங்கியது.

ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-இல் தெற்கே வந்து திருநெல்வேலிச் சீமை அருவிகளை வரைந்தார்கள். இடத்தில் எடுத்த ஸ்கெட்ச்சையும் குறிப்பையும் வைத்துக்கொண்டு, பல ஆண்டு கழித்து லண்டனில் பாபநாசம் அருவியை அச்சுப் படமாக்கினார்கள். அத்தனை வருடமும் கடலும் தாண்டி அந்த ஈரம் எப்படி நின்றது என்று முன்பெல்லாம் வியப்பேன். என் நோட்டில் எண்கள் வந்த பிறகு அவர்களுடைய ஸ்கெட்ச்சுகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

மீதிப் படங்களுக்கும் இதே வழிதான். ஏப்ரல் 30 இரவு பதினெட்டாவது முடிந்தது. சுருங்கிய தாள்களின் பின்பக்கத்தை லேசாக நனைத்து, இரண்டு பலகைக்கு நடுவே புத்தகங்களை அடுக்கி இரவெல்லாம் வைத்தால் தட்டையாகிவிடும்.

அப்புறம் பிரேம். எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை, பல வருடப் பழக்கம். படத்தைச் சுற்றி, கண்ணாடிக்குக் கீழே வைக்கும் மவுண்ட் அட்டையை அமிலமில்லாததாகப் போடச் சொல்லியிருந்தேன். மே 8 அன்று போய்ப் பார்த்தால் ஏழு படத்துக்குச் சாதா அட்டை. சாதா அட்டை சில வருடத்தில் பழுத்து, தாளின் ஓரத்தையும் பழுக்க வைத்துவிடும். வாங்குகிறவருக்கு அது இன்று தெரியாது, என் பெயர்தான் படத்தில் இருக்கிறது.

"டீச்சர், வெளியே பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாதே" என்றார் கடைக்காரர்.

"தெரியாது அண்ணாச்சி. அதனாலதான் மாத்தணும்" என்றேன்.

முகம் வாடினாலும் மாற்றிக் கொடுத்தார். ராஜபாளையத்திலிருந்து அட்டை வரவழைத்து இரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மகன் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். "சித்தி, கண்ணாடி மேல எதுக்கு இவ்வளவு டேப்?" என்று கேட்டுக்கொண்டே ஒட்டினான். மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் கண்ணாடி உடைந்தாலும் சில்லு படத்தைக் கீறாது. எஸ் வளைவில் ஒன்று உடைந்தே விட்டது. சில்லுகள் டேப்பிலேயே நின்றன, படத்தில் ஒரு கீறலும் இல்லை. புனலூரில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனோம்.

மாட்டும்போது ஒவ்வொரு படத்தின் நடுவும் தரையிலிருந்து 57 அங்குலத்தில் வரும்படி சுவர் முழுக்க நூல் பிடித்தோம். கிழக்குப் படங்கள் இடப்பக்கம், மேற்கு வலப்பக்கம், பாலம் நேர் எதிரே.

ஐந்து நாளில் ஏழு படம் விற்றது. நான் எதிர்பாராதது, அதில் ஐந்து கிழக்குப் பக்கத்துப் படங்கள். காய்ந்த குளம், பனை, புழுதிப் பாதை. சங்கரன்கோவிலில் பிறந்து திருவனந்தபுரத்துக்குக் கல்யாணமாகிப் போன ஓர் அம்மா, வெடித்த குளத்துப் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த வெயிலை இங்கே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றார். விலையைக் கேட்கவில்லை, பில்லை மட்டும் கேட்டார். தென்காசியில் ஜூலையில் நேர்மாறாக எல்லோரும் பச்சையைத்தான் கேட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு காலை நேரம் கிடைத்தது. அருங்காட்சியக வளாகத்துக்குப் போய் சி. ராஜராஜ வர்மாவை நினைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் ரவி வர்மாவுக்கு உதவியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறார். ஆனால் நிலக்காட்சியில் அவருக்கென்று தனிக் கண் இருந்தது. 1905-இல், அண்ணனுக்கு முன்பே போய்விட்டார். நிலக்காட்சி வரைகிறவர்களுக்கு அவர் பெயர் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும்.

கொல்லம் அமைதியாக முடிந்தது, நான்கில் ஒன்று போயிற்று. தென்காசிக்குக் கொண்டுபோகும் முன் மீதிப் படங்களின் பின்பக்கத்தை எல்லாம் திறந்து பார்த்தேன். ஜூன் மழைக்குக் கொல்லத்திலேயே ஒன்றில் பூஞ்சைப் புள்ளி தொடங்கியிருந்தது. நல்லவேளை, பின் அட்டையோடு நின்றது. கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் மவுண்டின் கனம் இருந்ததால் தாளில் ஏறவில்லை. பின் அட்டையை மாற்றி, விளக்கு எரியும் அலமாரியில் இரண்டு நாள் வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தென்காசிக் கண்காட்சி முடிந்த மறுநாள் ஞாயிறு. புளியரை வயலோரம் குடைக்குக் கீழே உட்கார்ந்தேன். மேகம் கோட்டைவாசலைத் தாண்டி இந்தப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணிக்குப் போட்ட வாஷ் பத்து மணிக்கும் காயவில்லை. ஈரத்தாளைப் பலகையோடு மடியில் படுக்கவைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.