பிள்ளையை வைத்துக் கேட்டால் அம்மா எப்படி உண்மை சொல்வாள்?

ஹூஸ்டனில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் எல் சால்வடார் பெண்ணை மனச்சோர்வுக்கு டாக்டரிடம் காட்டிவிட்டோம். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முதல் தடவை போனது வீண். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறைக்கும் கிளினிக் அது. சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். வீடு சுத்தம் செய்து கையில் காசு வாங்குகிறவளுக்கு ஏது சீட்டு? திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை கொடுப்பவர் எழுதித் தரும் கடிதத்தைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள், போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை போனபோது நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன், ரிசப்ஷனில் இருந்தவர் "அதான் பொண்ணு கூட வந்திருக்காளே" என்று படிவத்தை மகள் கையில் கொடுத்துவிட்டார். மகளுக்கு வயது 11. மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் பிஹெச்க்யூ-9 என்ற அந்தப் படிவத்தில் கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள். தூக்கம், பசி எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவள், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்ற கடைசிக் கேள்வியில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டே இல்லவே இல்லை என்று தலையாட்டி, எல்லாவற்றுக்கும் பூஜ்யம், அதாவது அப்படி எதுவும் இல்லை என்று போடச் சொன்னாள்.

மூத்த மகனை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் அவனிடம் சிரித்துப் பேசிவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவாள். மாமியாரோ இது வெறும் நெர்வியோஸ் (ஸ்பானிஷில் நரம்புப் படபடப்பு), மாதாவை வேண்டிக்கொள், நாங்களெல்லாம் தாங்கவில்லையா என்பார். வீட்டுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதுதான் நல்ல அம்மாவுக்கு அழகு என்று கேட்டு வளர்ந்தவள், மகள் முன்னால் வேறு என்ன சொல்லுவாள்?

நான் விடவில்லை. அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், அவசர நிலை தவிர குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது; அஃபோர்டபிள் கேர் என்ற அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு இது. பிரிவு எண்ணைச் சொன்னதும் மேனேஜர் வந்தார், போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார், பிள்ளையை வெளியே உட்கார வைத்தோம். மறுபடி எழுதியபோது கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டிவிட்டது. 10 வந்தாலே கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் டாக்டர், மாத்திரை, கவுன்சலிங் எல்லாம் சிக்கலில்லை.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்பதை மாமியாரிடம் டாக்டரையே சொல்ல வையுங்கள், நாம் சொன்னால் எடுபடாது. இங்கே அந்த மாமியார்தான் இப்போது மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு அடித்து 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசலாம்; அவள் போனில் பதிந்து கொடுத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று ஃபைலிலேயே எழுத வைத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ரிசப்ஷனில் முதலிலிருந்து சண்டை போட வேண்டியிருக்கும்.