நோவு போன பிறகுதான் வேலை தொடங்கியது

எனக்குக் கணுக்கால் சுளுக்கியது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும் அம்மா சித்தாலேப தைலத்தை எடுத்து வைத்தார். மாமா சுளுக்கு உருவ ஆள் தேடினார். பிசியோதெரபி மிஸ் இரண்டு வாரத்துக்கு அந்தக் கணுக்காலை யாரும் உருவக்கூடாது என்றார். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் புதிதாகக் கிழிந்திருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் வீக்கம்தான் கூடும்.

ஆனால் கட்டிலில் கிடக்கவும் விடவில்லை. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் எழுதியவர் கேப் மேர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியர். முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதிக்கலாம் என்று பின்னாளில் அவரே எழுதினார். எனக்கு முதல் பயிற்சி, காலை நீட்டிப் பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ எழுதுவது. பிறகு றப்பர் பட்டிக்கு எதிராகப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது.

எவ்வளவு செய்வது என்பதற்கு மிஸ் தந்த அளவுகோலை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். நோவுக்கு 0 முதல் 10 வரை இலக்கம் கொடுங்கள். பயிற்சியின்போது 4 வரை வரலாம். அடுத்த நாள் காலை அது பழைய நிலைக்கு இறங்கி, வீக்கமும் கூடாமல் இருந்தால் அன்று கொஞ்சம் ஏற்றலாம். இறங்காவிட்டால் குறைக்க வேண்டும், நிறுத்தத் தேவையில்லை. பயத்தில் அசையாமல் இருப்பவருக்கும் அவசரக்காரருக்கும் இந்த ஒரே விதி போதும்.

நடக்கும்போது நோவு போய்விட்டது. ஆனால் அந்தக் காலில் மட்டும் நின்று குதியை உயர்த்தினால் மற்றக் காலின் பாதித் தடவைகூட வரவில்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றால் உடனே சாய்ந்தேன். தசைநாரோடு, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புணர்வும் கெடுகிறது. பலர் திரும்பத் திரும்பச் சுளுக்கிக்கொள்வதற்கு இதுவும் காரணம். அதனால் முதலில் தரையில், பிறகு தலையணை மேல் ஒற்றைக் காலில் நின்றேன்.

"நீங்கள் வேலைக்கு எப்பிடிப் போறனீங்கள்?" என்று மிஸ் கேட்டார். கொழும்பு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் என்றேன். அது முழுதாக நிற்காது, ஓடும் திசை பார்த்து இடது காலை ஊன்றி இறங்க வேண்டும். அடிபட்டதும் இடது கால்தான். கடைசிக் கட்டம் முழுவதும் அதற்கே: தாழ்ந்த படியிலிருந்து இடது காலில் இறங்கி நிற்பது, இறங்கி இரண்டடி ஓடுவது, பிறகு கையில் பையோடு அதையே செய்வது.

முதல் வருடத்தில் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் தலையணைப் பயிற்சியை இன்னும் விடவில்லை.