சேலை ஒரு நிறம், போட்டோ ஒரு நிறம்

நெகமம் சேலையோ பவானி ஜமக்காளமோ, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான்: "படத்துல பார்த்த கலர் வேறங்க, பார்சல்ல வந்த கலர் வேறங்க." உடனே போன்மேல் பழி விழுகிறது. ஆனால் எவ்வளவு விலை கொடுத்துப் புதுப் போன் வாங்கினாலும், மஞ்சள் பல்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் துணியை விரித்தால் நிறம் கெடத்தான் செய்யும். இரண்டு வெளிச்சத்துக்கும் ஒரே நேரத்தில் கேமராவால் ஈடுகொடுக்க முடியாது.

விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) நேர் வெயில் விழாத, ஆனால் வானம் தெரிகிற இடம் போதும். வெயிலில் விரித்தால் ஜரிகை வெளுத்துப்போய் இழையே தெரியாது. சிவப்புச் சிமெண்ட் தரை, பச்சைச் சுவர், நீலத் தார்ப்பாய் பக்கத்தில் இருந்தால் அந்தச் சாயல் துணியில் ஏறும். வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் மடிப்பு நிழல் இளகும்.

இதெல்லாம் செய்தும் மஞ்சள் சேலை மட்டும் மங்கலாக வரும். காரணம் ஆட்டோ வைட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் போன் தானாகப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வது. படம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால், வெளிச்சமே மஞ்சள் என்று போன் எடுத்துக்கொண்டு அதைக் குறைத்துவிடுகிறது. ஈரோட்டு விரலி மஞ்சளைக் குவித்துவைத்து எடுத்தாலும் இதே கோளாறுதான். ப்ரோ மோடில் (அமைப்புகளை நாமே மாற்றும் கேமரா முறையில்) வைட் பேலன்ஸை 5500 கெல்வினில் வைத்துத் தொடங்குங்கள். நிழலில் படம் நீலமாகத் தெரிந்தால் 6500 வரை ஏற்றலாம். துணியைப் பக்கத்தில் வைத்துத் திரையோடு ஒப்பிடுங்கள். அதற்கு முன், திரையின் 'விவிட்' அமைப்பை 'நேச்சுரல்' ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிடுவதே வீண்.

வெள்ளைக் கோரா காட்டன் சேலை சாம்பலாக வரும், கறுப்புச் சேலையும் சாம்பலாக வரும். எதையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுப்பது கேமராவின் சுபாவம். துணிமேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு, வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) வெள்ளைக்கு 0.7 ஏற்றுங்கள், கறுப்புக்கு 0.7 இறக்குங்கள்.

நெருக்கமான கட்டம் போட்ட லுங்கியில் இல்லாத அலைகள் நெளிகிறதா? இழைகளின் இடைவெளியும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதுவதால் வருவது அது. அரை அடி முன்னே பின்னே நகர்ந்தோ போனைச் சற்றுச் சாய்த்தோ எடுத்தால் போய்விடும். பெரிதாக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சிலசமயம் அலை திரையில் மட்டும்தான் இருக்கும்.

தறிக்குடோன் வீடியோவுக்குச் சிக்கல் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 30 ஃபிரேமில், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம்) அந்தத் துடிப்புக்குப் பொருந்தாமல் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். வெளிச்சம் அதிகமானால் 1/100. ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் ரெக்கார்ட் வீடியோவுக்குள் 'பால் ஃபார்மட்' (PAL) என்பதைப் போட்டால்தான் 25 ஃபிரேம் தெரியும். நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடுவது கொஞ்சம் கலங்கித் தெரியும். அதுதான் தறியின் வேகம், விட்டுவிடுங்கள். விளக்கிச் சொல்லும் குரலைக் குடோனுக்கு வெளியே தனியாகப் பதிவுசெய்யுங்கள், தறிச் சத்தத்தில் மைக் கரகரத்துவிடும். உள்ளே பஞ்சு பறக்கும். லென்ஸை ஊதிவிட்டுத் துடையுங்கள்.

அனுப்பும்போது படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்காது. முழுச் சேலை ஒன்று, பார்டரும் முந்தியும் சேர்ந்து ஒன்று, புட்டா (துணியில் நெய்த சிறு பூ வேலை) பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து நெருக்கமாக ஒன்று. "புட்டா எவ்ளோ பெருசுங்க?" என்று கேட்கிறவருக்கு அந்த மூன்றாவது படமே பதில்.