31 வயதில் மாதவிலக்கு நின்ற பிறகு

31 வயதில் என் சினைப்பைகள் வேலையை நிறுத்திக்கொண்டன. நாற்பது வயதுக்கு முன்பே இப்படி நேர்வது நூறு பெண்களில் ஒருவருக்காவது உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கடலூரில் என் தெருவிலேயே இன்னொருத்தி இருக்கக்கூடும். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

நாள் தள்ளிப்போன முதல் மாதம் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "விசேஷமா?" என்று மாமியார் ஆசையோடு கேட்டார். விசேஷம் இல்லை என்று தெரிந்த பிறகு வைத்தியம் தொடங்கியது. அம்மா எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பினார். நெல்லிக்குப்பத்துச் சித்தி பப்பாளி சாப்பிடச் சொன்னார். முதலில் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. நீர்க்கட்டியாக இருக்கும் என்று சொல்லி, மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரையைக் கொடுத்தார். ஒருமுறை வந்தது, பிறகு அதுவும் இல்லை.

கடலூரில் சித்திரை, வைகாசியில் வியர்ப்பதை யார் நோய் என்று நினைப்பார்கள்? கடலோரத்துப் புழுக்கம் என்றே இருந்துவிட்டேன். மார்கழி வந்தது. கணவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். எனக்கு நெஞ்சில் தொடங்கும் அனல் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறுகிறது, தலையணை நனைகிறது. ஓர் இரவில் பலமுறை இப்படி. தூக்கம் போனதும் மற்றதெல்லாம் சேர்ந்து போனது. கணக்கு எழுதுவதுதான் என் தொழில். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினேன். காரணமில்லாமல் அழுகை வந்தது.

வேறொரு மருத்துவர் ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னார். 68 என்று வந்தது. மாதவிலக்கு நான்கு மாதம் வராமல் இருந்து, இந்த அளவு 25-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். சினைப்பையை வேலை செய்யச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. சினைப்பை பதில் சொல்லாதபோது, அது மேலும் மேலும் சுரந்துகொண்டே போகிறது. சில வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். மாற்றம் இல்லை.

உடனே எங்களை ஒரு கருத்தரிப்பு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் தானமாகப் பெறும் கருமுட்டை, அதற்கான கட்டணம், தவணை வசதி வரை பேசிவிட்டார்கள். என் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எலும்பைப் பற்றி இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. வீட்டுக்காரர்கள் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்பதை நான் புரிந்துகொள்வேன். மருத்துவம் படித்தவர்கள் அப்படிக் கேட்கலாமா? குழந்தை வேண்டுமா, எப்போது வேண்டும் என்பது நானும் கணவரும் பொறுமையாக எடுக்கும் முடிவு. சினைப்பை சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் என் உடம்பில் இல்லை என்பது அன்றைக்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

அதைக் கவனித்தது புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் அரசு மருத்துவமனை. அதிகாலையில் பஸ் ஏறி, புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி, கோரிமேட்டுக்கு வேறு பஸ் பிடித்து, வரிசையில் நின்றோம். காத்திருப்பு நீளம்தான். ஆனால் அங்கிருந்த மருத்துவர் கேட்ட கேள்விகள் வேறாக இருந்தன. உன் அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது? அக்கா தங்கைகள் உண்டா? எலும்பு முறிந்திருக்கிறதா? தலைவலியோடு கண் மங்குமா? ரத்தம் உறையும் நோய் குடும்பத்தில் யாருக்காவது உண்டா? தைராய்டு, குரோமோசோம் பரிசோதனைகளும் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேனும் எழுதினார். குரோமோசோம் சரியாகவே இருந்தது. பெரும்பாலோருக்குக் காரணம் கடைசிவரை தெரிவதில்லை என்றார், எனக்கும் தெரியவில்லை. முதுகெலும்பில் மட்டும் அடர்த்தி குறையத் தொடங்கியிருந்தது.

ஹார்மோன் மாத்திரை என்றதும் அம்மா பயந்தார். மார்பகப் புற்றுநோய் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மருத்துவர் விளக்கினார். 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 50 முதல் 79 வயது வரையிலான பெண்கள். இயல்பாக மாதவிலக்கு நின்ற பிறகு அவர்கள் கூடுதலாக ஹார்மோன் எடுத்தார்கள். என் வயதுப் பெண்ணின் உடம்பில் இருந்திருக்க வேண்டியதையே நான் எடுக்கிறேன். உப்பில்லாத குழம்பில் உப்புப் போடுவதும், உப்பிட்ட குழம்பில் மறுபடி போடுவதும் ஒன்றல்லவே. எடுக்காமல் விட்டால்தான் எலும்புத் தேய்மானத்துக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும். ஐம்பது வயதையொட்டி இதை நிறுத்துவது பற்றிப் பேசலாம் என்றார்.

எனக்குக் கொடுத்தது தினமும் 2 மில்லிகிராம் எஸ்ட்ராடியால், அதாவது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. மாதத்தில் 12 நாள் இரவில் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன். இரண்டாவதை விடவே கூடாது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய்வரை போகலாம். புரோஜெஸ்டிரோன் எடுக்கும் நாட்களில் தலை கிறுகிறுக்கும், நல்ல தூக்கம் வரும், அதனால்தான் படுக்கும்போது. தொடக்கத்தில் மார்பு கனத்து வலித்தது, பிறகு சரியாகிவிட்டது. சில வாரங்களிலேயே இரவு வியர்வை நின்றது. அழுகை மட்டும் மெதுவாகத்தான் விலகியது. அதற்கு மாத்திரை போதவில்லை, மனநல ஆலோசகரிடமும் போனேன். எல்லோருக்கும் இதே மருந்து பொருந்தாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தோல் வழியே சேரும் ஜெல் கொடுப்பதுண்டு.

ராகியும் எள்ளும் தொடர்கின்றன. அம்மாவின் எள்ளுருண்டை மாதவிலக்கைக் கொண்டுவரவில்லை; ஆனால் கால்சியம் அதில் உண்டு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி கடலூரில் கிடைப்பது பெரிய பேறு. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வேகமாக நடக்கிறேன், வீட்டில் சிறு எடைகள் தூக்குகிறேன்.

குழந்தை பற்றியும் சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் தாமாகவே கருத்தரிக்கிறார்கள். இந்த ஹார்மோன் கருத்தடை மாத்திரை அல்ல. அதனால் கருத்தரிக்க விரும்பாதவர்கள் தனியாகக் கவனமாக இருக்க வேண்டும். தான முட்டை வழி எங்களுக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. மாமியாரிடம் கணவரே உட்கார்ந்து பேசினார். மாமியார் சில நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு, "மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்" என்றார். என் தங்கைக்கும் சொல்லிவிட்டேன், அவளும் பரிசோதித்துக்கொண்டாள்.

இன்னொன்று, பெண்களுக்குள்ளேயே பேசாதது. பிறப்புறுப்பு வறண்டுபோய் உறவின்போது வலி இருந்தது. மாத்திரை தொடங்கிய பிறகும் அது முழுதாகப் போகவில்லை. கணவருக்கு என்மேல் வருத்தமோ என்று எனக்கும், எனக்கு அவர்மேல் விருப்பம் குறைந்ததோ என்று அவருக்கும் ஐயம். அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டேன். அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது என்று அன்றே எழுதிக் கொடுத்தார்.