பதினைந்து கிலோவுக்குள் மாசாய் மாரா

பிப்ரவரி 16, 2025

முதுமலைக்கு ஏழு முறை போயும் அக்காவின் கண்ணில் புலி படவில்லை. "ஒளிந்துகொள்ள மரமே இல்லாத காட்டுக்குக் கூட்டிப் போடா" என்றாள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறாள். கென்யாவின் மாசாய் மாரா என்று முடிவாயிற்று. அங்கே புலி கிடையாது என்றேன். "சிங்கம் இருக்கிறதல்லவா?"

பிப்ரவரி 27

எந்த மாதம் என்பதில்தான் முதல் தகராறு. பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வரும் வில்டபீஸ்ட் என்னும் மான் இன மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரை. காப்பகக் கட்டணமும் அப்போதுதான் இரட்டிப்பாகிறது. ஜூன் வரை ஆளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. அதுவும் 12 மணி நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்கக் கரையில் காத்திருந்தும் மந்தை தண்ணீரில் இறங்காமல் திரும்பிவிடுவதுண்டு. சொன்னேன். "ஏழு தடவை பழகியதுதானே" என்றாள். ஆகஸ்ட்.

மார்ச் 22

சொகுசு என்றால் நீச்சல் குளம் என்றே நினைத்திருந்தேன். மாராவில் அதன் பொருள் வேறு: ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி இருபது வண்டிகள் நிற்காமல் இருப்பது. அதற்காகக் காப்பகத்தை ஒட்டிய கன்சர்வன்சி என்னும் வனவிலங்குப் பாதுகாப்பு நிலம் ஒன்றில் தங்கப்போகிறோம். மாசாய்க் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். காப்பகத்துக்குள் அனுமதியில்லாத இரவுச் சவாரியும் நடைப்பயணமும் இங்கே உண்டு. முகாமுக்கு வேலி கிடையாது. இருட்டிய பின் சாப்பிடப் போவதற்குக்கூடக் கூடாரத்து வாசலுக்கு ஆள் துணைக்கு வருவார். வாடகையை ரூபாயாக்கிப் பார்த்ததும் ஆறு இரவு நான்காகச் சுருங்கியது.

ஜூன் 5

கிண்டி கிங் நிறுவனத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அக்கா அறுபதைத் தாண்டியவள் என்பதால் முதலில் எங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டோம். பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் ஆறு நாள் தனிமை வாசம்.

ஜூலை 20

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து குட்டி விமானம். கைப்பை உட்பட ஆளுக்கு 15 கிலோ, சக்கரமில்லாத துணிப்பைதான். அக்காவின் பை 17.3 காட்டியது. கருநீலச் சுடிதார்கள் இரண்டை வெளியே எடுத்தேன். அங்குள்ள செட்ஸி என்னும் கடி ஈக்களுக்கு அந்த நிறம் என்றால் உயிர். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை. பாலிதீன் உறையில் கட்டியிருந்த எலுமிச்சை ஊறுகாயையும் எடுத்து வைத்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். இப்போது என் பை சரியாக 14.9. பெரிய லென்ஸ் மேசைமேல் இருக்கிறது, ஊறுகாய் என் பையில் இருக்கிறது.